நலம் பேணலும் நோய் தீர்த்தலும்: ஆயுர்வேதத்திலிருந்து நாம் எடுப்பது எது, விடுவது எது?

ஆயுர்வேதம், யோகா ஆகிய இரண்டு சொற்களும் நம்மவர்களிடையே பேசப்படும்போது பெரும்பாலும் இரண்டு குரல்கள் எழுகின்றன. ஒன்று, "அது நம்மட இல்ல, அவங்கட சமயத்தோட சேர்ந்தது, நமக்கென்னத்துக்கு?" என்ற குரல். மற்றது, "அது இயற்கைதானே, பக்க விளைவு ஒண்டும் வராது, குடிச்சிப் பாருங்க" என்ற குரல். முதற்குரல் ஆராயாமல் தள்ளிவிடுகிறது. இரண்டாம் குரல் ஆராயாமல் விழுங்கிவிடுகிறது. இரண்டுக்கும் இடையில் நிதானமாக நின்று பார்க்க வேண்டிய விடயம் இது. ஏனென்றால் சீனி வருத்தமோ பிரஷரோ இல்லாத வீட்டை இன்று நம் ஊர்களில் தேடித்தான் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே இந்தப் பேச்சு நமக்கு உயிரோடு தொடர்புடைய பேச்சு.

இக்கட்டுரை மூன்று கேள்விகளை எடுத்துக்கொள்கிறது. இந்த அறிவு நமக்கு உண்மையில் அந்நியமானதா? அதில் அன்றாட வாழ்க்கைக்கு உதவக்கூடியவை எவை? எந்த இடத்தில் நாம் கையை எடுத்துவிட வேண்டும்?

பக்தாதுக்குப் போன ஏடுகள்

அப்பாஸிய கலீபா ஹாரூன் அர்ரஷீதின் காலத்தில் (786–809) அரசவையில் செல்வாக்குப் பெற்றிருந்தவர் பர்மகீ குடும்பத்தைச் சேர்ந்த யஹ்யா இப்னு காலித். இந்திய வைத்திய நூல்களை அரபிக்குக் கொண்டுவர ஊக்கம் கொடுத்தவர்களில் அவர் முதன்மையானவர். அவருடைய ஏற்பாட்டில் மன்கா என்ற இந்திய வைத்தியர் சுசுருத சங்கிதையை விளக்கி மொழிபெயர்த்தார் என்றும், சரக சங்கிதை முதலில் பாரசீகத்துக்கும் பின்னர் அதிலிருந்து அரபிக்கும் பெயர்ந்தது என்றும் பத்தாம் நூற்றாண்டில் இப்னு நதீம் தமது 'அல்-ஃபிஹ்ரிஸ்த்' என்ற நூற்பட்டியலில் பதிந்திருக்கிறார். 850ஆம் ஆண்டளவில் அலீ இப்னு ஸஹ்ல் ரப்பான் அத்தபரீ எழுதி முடித்த 'ஃபிர்தவ்ஸுல் ஹிக்மா' என்ற மருத்துவக் களஞ்சியத்தின் இறுதிப் பகுதி முழுக்க இந்திய வைத்தியத்தைப் பற்றியதுதான். அர்ராஸீயும் தமது 'அல்-ஹாவீ'யில் சரகரைப் பெயர் சொல்லி எடுத்தாள்கிறார்.

அந்த அறிஞர்கள் ஈமானில் குறைந்தவர்களாக இருந்து இதைச் செய்யவில்லை. ஒரு நூலில் வணக்கத்தோடு சேர்ந்த பகுதி எது, உடலைப் பற்றிய அவதானம் எது என்று பிரித்துப் பார்க்கும் தெளிவு அவர்களிடம் இருந்தது. அல்-பீரூனீ (973–1048) பதஞ்சலியின் யோக நூலை அரபியில் கேள்வி பதில் வடிவில் தந்தார். யோகம் என்ன சொல்கிறது என்பதை உள்ளபடி அறியத் தருவதே அவர் நோக்கம். அதன் கொள்கையை ஏற்றுக்கொண்டு எழுதியதன்று. பிற்காலத்தில், பதினாறாம் நூற்றாண்டில், குவாலியரைச் சேர்ந்த ஷத்தாரி ஸூபி முஹம்மத் கவ்ஸ் 'பஹ்ருல் ஹயாத்' என்ற பாரசீக நூலில் யோக இருக்கைகளையும் மூச்சுப் பயிற்சிகளையும் விவரித்தார். 1600ஐ அடுத்த ஆண்டுகளில் இளவரசர் ஸலீமுக்காகப் படங்களுடன் தயாரிக்கப்பட்ட அதன் பிரதி இன்று டப்ளின் நகரின் செஸ்டர் பீட்டி நூலகத்தில் இருக்கிறது.

நமது நாட்டை எடுத்துக்கொள்வோம். கண்டி அரசில் 'பெஹெத் கே' எனப்பட்ட அரச மருந்தகத்தில் முஸ்லிம் வைத்தியர்கள் பொறுப்பு வகித்தனர். கோபால என்ற குடும்பப் பெயருடைய முஸ்லிம் வைத்திய பரம்பரை அவர்களுள் பெயர்பெற்றது. இவர்களைப் பற்றி லோர்னா தேவராஜா இலங்கை முஸ்லிம்கள் குறித்த தமது ஆய்வில் எழுதியிருக்கிறார். 1961ஆம் ஆண்டின் 31ஆம் இலக்க ஆயுர்வேதச் சட்டம் 'ஆயுர்வேதம்' என்ற ஒரு சொல்லுக்குள்ளேயே சித்தம், யூனானி, தேசிய சிகிச்சை ஆகியவற்றையும் அடக்குகிறது. கொழும்பில் 1929இல் தொடங்கப்பட்ட சுதேச வைத்தியக் கல்லூரியின் வழிவந்த நிறுவனத்தில் இன்றும் யூனானி கற்பிக்கப்படுகிறது. ஆக, 'ஆயுர்வேத வைத்தியர்' என்று பதிவு பெற்றவர் ஒரு ஹக்கீமாகவும் இருக்கலாம். நம் ஊர்களில் முறிவு வைத்தியமும் விஷக்கடி வைத்தியமும் பார்த்த பரிசாரிமாரை நினைத்தால், 'நம்மட இல்ல' என்ற பேச்சு நிற்காது.

ஒரே மரம், இரண்டு கிளை

இனி அந்த வைத்தியத்தின் உள்ளடக்கத்துக்கு வருவோம். பழைய ஆயுர்வேத நூல்கள் தம் நோக்கத்தை இரண்டாகப் பிரிக்கின்றன. சுகமாய் இருப்பவனின் சுகத்தைக் காப்பது ஒன்று. நோயாளியின் நோயைத் தீர்ப்பது மற்றது. யூனானியிலும் இதே பிரிவு உண்டு. அங்கே முதலாவதை 'ஹிஃப்ழுஸ் ஸிஹ்ஹா', அதாவது ஆரோக்கியம் பேணல் என்பார்கள். இப்னு ஸீனாவும் 'அல்-கானூன்' நூலின் தொடக்கத்தில் மருத்துவத்துக்கு வரைவிலக்கணம் சொல்லும்போது, இருக்கும் ஆரோக்கியத்தைக் காப்பது, இழந்ததை மீட்பது என்று இரண்டையும் சேர்த்தே சொல்கிறார்.

இந்தக் கட்டுரையில் வாசகர் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்வதானால் இந்தப் பிரிவினையை வைத்துக்கொண்டால் போதும். நலம் பேணும் பகுதி உணவு, உறக்கம், நடை, நேரம், மனநிலை பற்றியது. அதில் பெரும்பாலானவை யாரும் வீட்டில் செய்யக்கூடியவை, செலவில்லாதவை, ஆபத்துக் குறைந்தவை. நோய் தீர்க்கும் பகுதி அப்படியல்ல. அது சரக்குகள், பற்பங்கள், குளிகைகள், அளவு, பத்தியம் பற்றியது. அதற்குப் படித்த வைத்தியர் வேண்டும். இன்று நடக்கும் பெரும் குழப்பம் என்னவென்றால், செய்ய வேண்டிய முதற்பகுதியை விட்டுவிட்டு, வைத்தியரிடம் விட வேண்டிய இரண்டாம் பகுதியைப் போத்தலில் வாங்கி நாமே செய்துகொள்கிறோம்.

யூனானியில் நலம் பேணலின் அடிப்படைகள் ஆறு: காற்று, உண்பதும் குடிப்பதும், உடலின் அசைவும் ஓய்வும், மனதின் அசைவும் ஓய்வும், உறக்கமும் விழிப்பும், கழிவுகள் வெளியேறுவதும் தங்குவதும். இந்த ஆறிலும் மருந்து இல்லை என்பதைக் கவனியுங்கள். ஆயுர்வேதம் 'தினசரியை' என்று அழைக்கும் அன்றாட ஒழுங்கும் இவற்றையே சொல்கிறது. வாத, பித்த, கபம் என்ற மூன்றைக் கொண்டும், நான்கு 'அக்லாத்' அதாவது உடற்சாறுகளைக் கொண்டும் இவர்கள் தந்த விளக்கங்களை இன்றைய விஞ்ஞானம் அப்படியே ஏற்பதில்லை. ஆனால் விளக்கம் பழையதாகிப் போனாலும் அவதானம் பழையதாக வேண்டியதில்லை.

தமிழ் படித்தவர்களுக்கு இது புதிதும் அல்ல. திருக்குறளில் 'மருந்து' என்ற அதிகாரத்தின் முதற் குறள் வளி முதலான மூன்றின் மிகுதியும் குறைவும் நோய் என்கிறது. அடுத்து வரும் ஆறு குறள்களும் உணவின் அளவைப் பற்றியே பேசுகின்றன. மருந்து என்று தலைப்பிட்டுவிட்டு ஒரு மூலிகையின் பெயரைக்கூடச் சொல்லாத அதிகாரம் அது. கடைசிக் குறள் நோயாளி, வைத்தியர், மருந்து, அருகிருந்து பராமரிப்பவர் என நான்கைக் கூறுகிறது. சரகரும் இதே நான்கைத்தான் சொல்கிறார்.

வயிற்றின் கணக்கு

உணவிலிருந்து தொடங்குவோம். வாக்படரின் அஷ்டாங்க ஹிருதயம் வயிற்றை நான்கு பாகமாக்கி, இரண்டு பாகம் உணவுக்கு, ஒரு பாகம் நீருக்கு, ஒரு பாகம் வெறுமையாகக் காற்றுக்கு என்று கணக்குச் சொல்கிறது. திர்மிதீயில் மிக்தாம் இப்னு மஃதீகரிப் (ரழி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸின் கருத்தை நாம் எல்லோரும் அறிவோம்: மூன்றில் ஒன்று உணவுக்கு, ஒன்று பானத்துக்கு, ஒன்று மூச்சுக்கு. நமக்கு ஹதீஸே போதும். ஆனால் வெவ்வேறு நிலங்களில், வெவ்வேறு நோக்கத்தில் சொல்லப்பட்ட இரண்டு கணக்குகள் 'வயிற்றில் இடம் விடு' என்ற ஒரே இடத்தில் சந்திப்பது சிந்திக்கத்தக்கது.

இதை அன்றாடத்தில் எப்படிச் செய்வது? சஹனில் நான்கைந்து பேர் சேர்ந்து சாப்பிடும் பழக்கம் அன்புக்குரியது. ஆனால் அங்கே யார் எவ்வளவு உண்டோம் என்பது தெரியாமலே போகும். வீட்டில் அன்றாடச் சாப்பாட்டுக்காவது சோற்றைப் பீங்கானில் தனியே போட்டுக்கொள்வது முதற்படி. பீங்கானில் பாதி இலைக்கறியும் மரக்கறியும், கால் பங்கு மீன், இறைச்சி, பருப்பு, கால் பங்கு சோறு என்று இன்று கிளினிக்கில் படம் காட்டிச் சொல்வார்கள். வல்லாரை, பொன்னாங்காணி, முருங்கை இலை இவை மூன்றும் நம் வேலியிலும் சந்தையிலும் கிடைப்பவை. மருந்துக் கடையில் வல்லாரைக் குளிசை வாங்குபவர் சந்தையில் வல்லாரைக் கட்டைக் கடந்து போவது விசித்திரம்தான்.

ஆயுர்வேதம் இன்னொன்றையும் அழுத்திச் சொல்லும்: முதல் உண்டது செரிக்காமல் மேலும் உண்ணாதே. இதை நோன்பு மாதத்தோடு பொருத்திப் பார்ப்போம். பகல் முழுவதும் ஓய்ந்திருந்த வயிற்றுக்கு மஃரிபில் பேரீச்சம்பழமும் நோன்புக் கஞ்சியும் கொடுப்பது நல்ல தொடக்கம். அரிசி, வெந்தயம், பூண்டு, இஞ்சி சேர்ந்த அந்தக் கஞ்சி இதமான உணவு. வெந்தயத்திலுள்ள நார்ப்பொருள் சீனி இரத்தத்தில் சேரும் வேகத்தைக் குறைக்கும். ஆனால் கஞ்சியோடு நாம் நிற்பதில்லை. சமோசா, ரோல்ஸ், கட்லட், அதன்மேல் சீனி போட்ட சர்பத், தராவீஹுக்குப் பிறகு கொத்துரொட்டி, ஸஹருக்கு மறுபடி சோறு. பதினொரு மாதத்தில் உண்ணாத பொரியலை ஒரு மாதத்தில் உண்டு முடிக்கிறோம். கஞ்சியைக் குடித்துவிட்டு மஃரிபைத் தொழுது, பிறகு ஒரே தடவை அளவாகச் சாப்பிட்டால் பழைய வைத்தியரும் இன்றைய டொக்டரும் ஒருசேர மகிழ்வார்கள்.

இன்சுலின் போடுபவர்களும் சீனிக் குளிசை எடுப்பவர்களும் நோன்புக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பே டொக்டரிடம் போய் அளவையும் நேரத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும். பிடிக்க முடியுமா, முடியாதா என்பதையும் அப்போதே கேட்டுவிட வேண்டும். நோயாளிக்குச் சலுகை கொடுத்தவன் அல்லாஹ். அந்தச் சலுகையை வெட்கப்பட்டு மறுப்பது தக்வாவாகாது.

நடை, உறக்கம்

நீரிழிவைப் பழைய நூல்கள் நன்றாக அறிந்திருந்தன. 'மதுமேகம்' என்ற பெயரே தேன்போன்ற சிறுநீர் என்ற அவதானத்திலிருந்து வந்தது. சிறுநீரை எறும்பு மொய்ப்பதையும் கண்டிருக்கிறார்கள். வசதியில்லாத மதுமேக நோயாளிக்குச் சுசுருத சங்கிதை சொல்லும் வழி வியப்பானது: செருப்பும் குடையும் இல்லாமல், இரந்து உண்டு, ஓர் ஊரில் ஓர் இரவுக்கு மேல் தங்காமல், நூறு யோசனை தூரமோ அதற்கு மேலோ நடக்க வேண்டும்.

இந்த ஒரே குறிப்பில் எதை எடுப்பது, எதை விடுவது என்ற பாடம் முழுவதும் இருக்கிறது. நடக்கச் சொன்னதும் உணவைக் குறைத்ததும் இன்றும் நீரிழிவு மருத்துவத்தின் முதல் அறிவுரை. ஆனால் செருப்பில்லாமல் நடக்கச் சொன்னதை இன்று எந்த நீரிழிவு நோயாளியும் பின்பற்றக் கூடாது. அந்த நோயில் காலின் உணர்வு குறைந்துபோகும். முள் குத்தியதே தெரியாது. சிறு காயம் புண்ணாகி விரலையும் காலையும் எடுக்க வேண்டிய நிலை வரை போகலாம். நூல் பழையது என்பதற்காக நடையைத் தள்ளவும் கூடாது, செருப்பைக் கழற்றவும் கூடாது.

உண்டபின் நூறு அடி நடக்கச் சொல்வதும் அதே சுசுருதம்தான். சாப்பாட்டுக்குப் பின் மெதுவாகப் பத்துப் பதினைந்து நிமிடம் நடப்பது இரத்தச் சீனியின் ஏற்றத்தைக் குறைக்கிறது என்பது இன்றைய ஆய்விலும் உறுதிப்பட்டது. இரவுச் சாப்பாட்டை முடித்து இஷாவுக்குப் பள்ளிவாசலுக்கு மோட்டார் சைக்கிளில் போகிறவர் நடந்து போனால் இரண்டு நன்மை. பெண்களின் நிலை வேறு. காலை நடைக்குப் போகும் பெண்ணை ஏதோ குற்றவாளி போலப் பார்க்கும் ஊர்கள் நம்மிடம் இன்னும் உண்டு. நடப்பதற்கு ஓர் இடமும் நேரமும் பெண்களுக்கு ஒதுக்கிக் கொடுப்பது பள்ளிவாசல் நிருவாகங்களும் சங்கங்களும் எளிதில் செய்யக்கூடிய காரியம். பாடசாலை மைதானத்தைச் சுபஹுக்குப் பின் ஒரு மணித்தியாலம் திறந்துவிட்டாலே போதும்.

உறக்கத்தைச் சரகர் உடலைத் தாங்கும் மூன்று துணைத்தூண்களில் ஒன்றாகச் சொல்கிறார். அதிகாலையில் எழச் சொல்லும் தினசரியை சுபஹுக்கு எழுகிறவனுக்குப் புதிதல்ல. வாய் சுத்தம், பற்குச்சி, கழுவுதல் எல்லாம் மிஸ்வாக்கிலும் வுழூவிலும் ஏற்கெனவே இருக்கின்றன. நம்மிடம் குறைந்து போனது இரவின் மறுபக்கம். இஷாவுக்குப் பின் வீண்பேச்சை வெறுத்த ஸுன்னாவை வைத்துக்கொண்டு, நள்ளிரவு ஒரு மணிவரை கைத்தொலைபேசியோடு கிடக்கிறோம். பிறகு சுபஹுக்கு எழும்புவதும் கஷ்டம், எழும்பினால் பகல் முழுவதும் தூக்கம். பகலுறக்கத்தைச் சரகர் கோடை காலத்திலும், முதியோர், சிறுவர், களைத்தோர் முதலானோருக்கும் அனுமதிக்கிறார். மற்றவர்களுக்கு வேண்டாம் என்கிறார். நமது கைலூலா குறுகிய நண்பகல் ஓய்வு. புரியாணிக்குப் பின் இரண்டு மணித்தியாலம் குறட்டை விடுவதற்குக் கைலூலா என்று பெயர் சூட்டக் கூடாது.

அடக்கக் கூடாதவையும் அடக்க வேண்டியவையும்

சரக சங்கிதையில் ஓர் அத்தியாயம் இயற்கையாக எழும் வேகங்களை அடக்காதே என்ற அறிவுரையோடு தொடங்குகிறது. சிறுநீர், மலம், தும்மல், கொட்டாவி, பசி, தாகம், கண்ணீர், உறக்கம் என்று பதின்மூன்று வேகங்களை அது எண்ணுகிறது. சிறுநீரை அடக்கினால் அடிவயிற்று நோவும் சிறுநீர்க் கடுப்பும் வரும் என்கிறது.

ஆசிரியை என்ற முறையில் இந்த அத்தியாயத்தை நான் வகுப்பறையோடு சேர்த்தே வாசிக்கிறேன். காலை ஆறரைக்கு வீட்டில் புறப்பட்டு இரண்டு மணிக்குப் பிறகு வீடு திரும்பும் பெண்பிள்ளைகள் பலர் பாடசாலையில் தண்ணீரே குடிப்பதில்லை. கேட்டால் தலையைக் குனிந்து, "டொய்லட்டுக்குப் போக ஏலாது ரீச்சர்" என்பார்கள். கதவில் கொளுக்கி இல்லை, தண்ணி இல்லை, நாற்றம். மாதவிடாய் நாட்களில் நிலைமை இன்னும் மோசம், வீட்டிலேயே நின்றுவிடுகிறார்கள். தண்ணீர் குடியாமல் இருப்பதும் சிறுநீரை அடக்குவதும் சிறுநீர்த் தொற்றுக்கும் மலச்சிக்கலுக்கும் வழி. இதற்கு மூலிகை தேவையில்லை. ஒரு கதவு, ஒரு கொளுக்கி, ஒரு குழாய், ஒரு மூடியுள்ள குப்பைத் தொட்டி போதும். பழைய மாணவர் சங்கங்கள் விளையாட்டுப் போட்டிக்கு ரீசேட் அடிப்பதற்கு முன்னர் இதைச் செய்து கொடுத்தால், அது உண்மையான ஆயுர்வேதம்.

அதே அத்தியாயத்தின் அடுத்த பகுதி இன்னும் அழகானது. அடக்கக் கூடாதவற்றைச் சொன்ன பின்பு, அடக்க வேண்டிய வேகங்கள் எவை என்று சொல்கிறது: பேராசை, கோபம், பொறாமை, கர்வம், வெட்கமின்மை, பிறரைப் புண்படுத்தும் பேச்சு. வைத்திய நூல் அக்லாக் பேசுகிறது. இப்னு ஸீனா முதலானோர் மனதின் அசைவையும் ஓய்வையும் ஆறு அடிப்படைகளில் ஒன்றாக வைத்ததன் கருத்தும் இதுதான்.

யோகாவைப் பற்றி

இனி வில்லங்கமான விடயத்துக்கு வருவோம். 2014 டிசம்பரில் ஐக்கிய நாடுகள் சபை யூன் 21ஐச் சர்வதேச யோகா தினமாக்கிய பின்னர் நம் பாடசாலைகளிலும் அலுவலகங்களிலும் இக்கேள்வி அடிக்கடி வருகிறது. முஸ்லிம் உலகில் ஒரே விடை இல்லை. 2008இல் மலேசிய தேசிய ஃபத்வா மன்றம், உடலசைவோடு மந்திர உச்சாடனமும் வழிபாட்டு நோக்கமும் கலந்த யோகா முஸ்லிம்களுக்குக் கூடாது என்று அறிவித்தது. அடுத்த ஆண்டு தொடக்கத்தில் இந்தோனேசிய உலமா சபை, சமயச் சடங்கும் மந்திரமும் கலந்ததைத் தடுத்து, வெறும் உடற்பயிற்சியாகச் செய்வதை விட்டுவைத்தது. 2017இல் சவூதி அரேபியா யோகாவை ஒரு விளையாட்டுச் செயற்பாடாக அங்கீகரித்தது.

இவற்றை ஒன்றாக வைத்துப் பார்த்தால் ஒரு கோடு தெரிகிறது. சூரிய வணக்கமாகச் செய்வது, மந்திரம் ஓதுவது, வேறு தெய்வத்தை எண்ணித் தியானிப்பது நமக்கு இல்லை. இதில் பேச்சுக்கே இடமில்லை. முதுகை நிமிர்த்துவது, தசையை நீட்டுவது, மெதுவாக மூச்சு விடுவது உடலின் காரியங்கள். நாட்பட்ட இடுப்பு நோவுக்கு மருந்துக்கு முன் முயலக்கூடியவற்றுள் ஒன்றாக யோகாவை அமெரிக்க வைத்தியர் கல்லூரி 2017இல் தன் வழிகாட்டலில் சேர்த்தது. அதே பட்டியலில் உடற்பயிற்சியும் வேறு பலவும் இருக்கின்றன. ஆகவே மனம் ஒப்பாதவர் யோகா என்ற பெயரையே தொடாமல் அதே பயனைப் பெறலாம். தையல் மெஷினில் நாள் முழுவதும் குனிந்திருப்பவர், கடையில் நின்றே இருப்பவர், கொப்பி திருத்தும் ஆசிரியர் எல்லோருக்கும் அரை மணித்தியாலத்துக்கு ஒரு தடவை எழுந்து தோளையும் இடுப்பையும் அசைப்பது நல்லது. கோபமோ பதற்றமோ வந்தால் ஐந்து நிமிடம் மெதுவாக மூச்சை இழுத்து, அதைவிட மெதுவாக விடுவது மனதை அமர்த்தும். தெளிவு வேண்டியவர் தன் ஊர் ஆலிமிடம், செய்யப்போகும் பயிற்சியை விவரித்துக் கேட்பது நல்லது. 'யோகா கூடுமா?' என்று மொத்தமாகக் கேட்டால் மொத்தமான பதில்தான் கிடைக்கும்.

இன்னொரு போக்கையும் சொல்ல வேண்டும். "தொழுகையே சிறந்த யோகா" என்று சிலர் பெருமையாக எழுதுகிறார்கள். தொழுகை இபாதத். அதனால் உடலுக்கு நன்மை உண்டாகலாம். ஆனால் முழங்கால் நோவுக்காக ருகூஉ செய்கிறோம் என்றால் நிய்யத் எங்கே போகிறது? தொழுகையைத் தொழுகையாக விடுவோம். உடற்பயிற்சிக்கு வேறு அரை மணித்தியாலம் எடுப்போம்.

கையை எடுக்க வேண்டிய இடம்

இப்போது இரண்டாம் கிளைக்கு, நோய் தீர்க்கும் பகுதிக்கு வருகிறேன். 'இயற்கையானது, ஆகவே தீங்கற்றது' என்பது பழைய வைத்தியர்களே ஏற்காத கருத்து. அவர்கள் சேங்கொட்டையையும் நாபியையும் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். இயற்கையில் நஞ்சும் உண்டு என்பது அவர்களுக்கு நம்மைவிட நன்றாகத் தெரியும்.

முதலாவது, உலோகம். ஆயுர்வேதத்தில் பாதரசம், ஈயம் முதலியவற்றைப் பற்பமாக்கிப் பயன்படுத்தும் ஒரு பிரிவு உண்டு. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு, பொஸ்டன் பகுதிக் கடைகளில் விற்ற, தெற்காசியாவில் தயாரான 70 ஆயுர்வேதப் பொருட்களைச் சோதித்தது. 14இல் ஈயமோ பாதரசமோ ஆர்சனிக்கோ இருந்தது. ஐந்தில் ஒன்று. இவை சிறுநீரகத்தையும் நரம்பையும் கெடுப்பவை. கர்ப்பிணிகளுக்கும் சிறுவருக்கும் இன்னும் ஆபத்தானவை.

இரண்டாவது, கலப்பு. கோதல ஹிம்புட்டு மரக் கோப்பையில் ஊறிய தண்ணீர் சீனிக்கு நல்லது என்பது நம் நாட்டின் பழைய வழக்கு. அது பொய்யல்ல; மாச்சத்து சீனியாக மாறுவதைத் தடுக்கும் பொருட்கள் அந்தத் தாவரத்தில் இருப்பதை விஞ்ஞானிகளும் கண்டிருக்கிறார்கள். உண்மையில் வேலை செய்வதால்தான் கவனம் தேவை. சீனிக் குளிசையும் எடுத்து, இதையும் குடித்து, பாகற்காய்ச் சாறும் சேர்த்தால் சீனி அளவுக்கு மீறி இறங்கி மயங்கிவிழ நேரலாம். டொக்டரிடம் மறைக்காமல் சொல்லிவிட்டுக் குடிப்பதே முறை.

மூன்றாவது, அரிஷ்டங்கள். இவை புளிக்க வைத்துத் தயாரிக்கப்படுபவை. புளிப்பில் மதுசாரம் தானாக உண்டாகும். மார்க்க ரீதியாக இதன் நிலையை ஆலிமிடமும், மாற்றாகக் கஷாயமோ சூரணமோ உண்டா என்பதை வைத்தியரிடமும் கேட்டறிவது நம் கடமை.

நான்காவது, பெரியது: இருக்கும் மருந்தை நிறுத்துவது. "இந்தச் சாறைக் குடிங்க, இன்சுலினை நிப்பாட்டுங்க" என்று சொல்லும் எவரும் வைத்தியர் அல்லர். சிறுவயதிலேயே வரும் முதலாம் வகை நீரிழிவில் இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும். 2020 டிசம்பரில் கொரோனாவுக்கென்று சொல்லப்பட்ட ஒரு பாணிக்காகக் கேகாலைப் பகுதியில் ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நின்றதை நாடே கண்டது. தொற்றைத் தடுக்கப் போனவர்கள் தொற்றுக்கு வசதியான கூட்டமாகவே நின்றார்கள். நம் பக்கத்தில் இதே வியாபாரம் கருஞ்சீரகம், தேன், 'நபிவழி மருத்துவம்' என்ற பெயர்களில் நடக்கிறது. கருஞ்சீரகத்தின் சிறப்பைச் சொல்லும் ஹதீஸை நாம் ஏற்கிறோம். ஆனால் அந்த ஹதீஸைப் போத்தலில் ஒட்டி மூன்று மடங்கு விலைக்கு விற்கிறவரை ஏற்க வேண்டும் என்று எந்த ஹதீஸும் சொல்லவில்லை. மருத்துவம் அறியாமல் வைத்தியம் பார்ப்பவர் விளைவுக்குப் பொறுப்பாளி என்ற கருத்தில் வந்த ஹதீஸும் அபூதாவூதில் இருக்கிறது.

ஆகவே ஒரு மருந்தை வாங்குமுன் ஐந்து கேள்விகள் கேட்போம். கொடுப்பவர் ஆயுர்வேத வைத்திய சபையில் பதிவு பெற்றவரா? உள்ளே என்ன இருக்கிறது என்று முழுவதும் எழுதியிருக்கிறதா? எந்த அளவு, எத்தனை நாள், எப்போது நிறுத்துவது என்று சொல்கிறாரா? நான் எடுக்கும் மற்றக் குளிசைகளை விசாரித்தாரா? எல்லா வருத்தத்துக்கும் இதுவே போதும் என்கிறாரா? கடைசிக் கேள்விக்கு 'ஓம்' என்று பதில் வந்தால் எழுந்து வந்துவிடலாம்.

தடிமன் காய்ச்சலுக்கு மல்லி, சுக்கு, பற்படாகம், கண்டங்கத்திரி, மரமஞ்சள் போட்டு அவிக்கும் பஸ்பங்குவக் குடிநீர் ஒன்றிரண்டு நாளைக்கு இதமாக இருக்கும். ஆனால் காய்ச்சல் இரண்டு நாளைக்கு மேல் நின்றால் இரத்தம் சோதிக்க வேண்டும். டெங்கு இருக்கும் நாட்டில் குடிநீரை நம்பி மூன்றாம், நான்காம் நாளைக் கடத்துவது உயிரோடு விளையாடுவது.

எழுதிவைக்க வேண்டியவை

கடைசியாக ஒரு வேண்டுகோள். பிள்ளைப்பேற்றுக்குப் பின் நாற்பது நாளும் நம் மூத்த பெண்கள் கொடுத்த சரக்கும் பத்தியச் சாப்பாடும், பரிசாரிமாரின் முறிவு கட்டும் முறைகளும், சில குடும்பங்களில் அரபுத்தமிழில் எழுதி வைத்திருக்கும் வைத்தியக் குறிப்புகளும் எங்கும் ஒழுங்காகப் பதிவாகவில்லை. வைத்திருப்பவர்கள் போனால் அவையும் போய்விடும். உயர்தரத்தில் தமிழோ இஸ்லாமோ உயிரியலோ படிக்கும் பிள்ளைகளுக்கு இதை ஒரு செயற்றிட்டமாகக் கொடுக்கலாம். ஒரு கொப்பி, ஒரு தொலைபேசிக் கமரா போதும். சரக்கின் பெயர், ஊர் வழக்கு, எந்த வருத்தத்துக்கு, என்ன அளவு, யார் சொன்னது, எந்தத் திகதி என்று எழுதச் சொல்லுங்கள். ஏடு இருந்தால் பக்கம் பக்கமாகப் படமெடுத்து, உரியவரிடமே ஏட்டைத் திருப்பிக் கொடுங்கள். அதில் எது பயன், எது பிழை என்பதைப் பிறகு யூனானி படித்தவர்களும் டொக்டர்மாரும் சேர்ந்து பார்க்கட்டும். பக்தாதில் அவர்கள் முதலில் செய்ததும் அதைத்தான்: எழுதி வைத்தார்கள், பிறகு சோதித்தார்கள்.